நைமில் டைம் சீரீஸ் தரவைப் படிப்பது எப்படி?

நேரத்தோடு வரிசையாகப் பதியும் அளவுகள்தான் டைம் சீரீஸ். மின்மீட்டர் 15 நிமிடத்துக்கு ஒரு அளவு பதிந்தால் நாளொன்றுக்கு 96 வரிகள், ஆண்டுக்கு 35,040. நூறு மீட்டர் என்றால் 35 லட்சத்தைத் தாண்டிவிடும். அத்தனையையும் இழுத்து வந்த பிறகு வடிகட்டினால் கணினி திணறும். வடிகட்டும் வேலையைத் தரவுத்தளத்திடமே விடுங்கள். நைம் அனலிட்டிக்ஸ் பிளாட்ஃபார்மும் (KNIME) போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் கொண்டு செய்யும் முறை இது. நைமில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நோடு; நோடுகளை வரிசையாக இணைத்தால் அது ஒர்க்ஃபுளோ.

படி 1: போஸ்ட்கிரெஸ்கியூஎல் கனெக்டர் நோடில் ஹோஸ்ட், போர்ட் (வழக்கமாக 5432), தரவுத்தளத்தின் பெயர் கொடுங்கள். கடவுச்சொல்லை நோடுக்குள் எழுதிவைத்தால் ஒர்க்ஃபுளோவைப் பகிரும்போது அதுவும் கூடவே போகும். கிரெடென்ஷியல்ஸ் வசதியைப் பயன்படுத்துங்கள்.

படி 2: டிபி டேபிள் செலக்டரில் அட்டவணையைத் தேர்ந்தெடுங்கள்.

படி 3: டிபி கொயரி நோடு. கவனம் முழுக்க இங்கேதான் தேவை. இரண்டு ஹாஷ் குறிகளுக்கு நடுவே உள்ள டேபிள் என்ற சொல்லை அழிக்காதீர்கள். முந்தைய நோடின் வினவல் (தரவுத்தளத்திடம் தரவு கேட்கும் கட்டளை) அந்த இடத்தில்தான் வந்து சேரும்.

கால எல்லையைத் தொடக்கத்துக்கு >=, முடிவுக்கு < என்று வையுங்கள். ஜனவரி மாதம் வேண்டுமானால் 2024-01-01 முதல், 2024-02-01க்கு முன் வரை. முடிவை <= 2024-01-31 என்று எழுதினால் 31ஆம் தேதியின் நள்ளிரவு 00:00 வரி மட்டும் வரும், மீதி 95 வரிகள் சத்தமில்லாமல் விடுபடும். நேர நெடுவரிசையைத் தேதியாக மாற்றி ஒப்பிடவும் வேண்டாம். தேடலை வேகமாக்க அதன் மேலுள்ள இண்டெக்ஸ் பயன்படாமல் போகும்.

அடுத்தது நேர மண்டலம். யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவு என்பது இந்தியாவில் காலை 5:30. யூடிசி நேரத்தை அப்படியே வைத்து நாள் கணக்குப் போட்டால், ஒவ்வொரு நாளின் முதல் 22 வரிகளும் முந்தைய நாளில் போய் விழும். நேரம் மண்டலத்தோடு சேமிக்கப்பட்டிருந்தால் எல்லைகளில் +05:30 சேர்த்து எழுதி, வெளியே வரும் நேரத்தை வினவலிலேயே ஏசியா/கொல்கத்தாவுக்கு மாற்றிவிடுங்கள்.

படி 4: டிபி ரீடர். இதற்கு முன்புவரை நோடுகளுக்கிடையே போனது வினவல் மட்டும்தான். வரிகள் உங்கள் கணினிக்கு வருவது இங்கேதான். நேரம் எழுத்துச் சரமாக வந்தால் ஸ்ட்ரிங் டு டேட்&டைம் நோடு போதும். வடிவத்தில் பெரிய எழுத்து எம் மாதம், சிறிய எழுத்து எம் நிமிடம். இது மாறினால் நேரம் தவறாகும், அல்லது நோடு பிழை காட்டும்.

படி 5: குரூப்பை நோடால் ஒவ்வொரு மீட்டருக்கும் நாள்வாரியாக எண்ணிப் பாருங்கள். 96க்குக் குறைந்தால் இடையில் அளவு பதியவில்லை. அந்த வரியே இல்லாததால் மிஸ்ஸிங் வேல்யூ நோடின் கண்ணில் அது படாது. கிரியேட் டேட்&டைம் ரேஞ்ச் நோடில் 15 நிமிட இடைவெளியோடு முழு நேர வரிசை உருவாக்கி, ஜாயினரில் இடப்பக்கம் வைத்து, பொருந்தாத இடப்பக்க வரிகளையும் சேர்த்து இணையுங்கள். இதை மீட்டர் மீட்டராகச் செய்யுங்கள். இருபுறமும் நேரத்தின் வகை ஒன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக் காலியாக வந்த இடங்களை நிரப்ப, ஏறிக்கொண்டே போகும் மீட்டர் அளவு என்றால் லீனியர் இண்டர்போலேஷன் (முன்னும் பின்னும் உள்ள அளவுகளுக்கு நடுவே சீராகக் கணிப்பது) தகும். பூஜ்யம் நிரப்பவே கூடாது. கழித்துப் பார்க்கும்போது இல்லாத மின்செலவு தோன்றும்.

கடைசியாக நேரப்படி சார்ட்டர் நோடு, பிறகு முந்தைய வரியின் அளவைப் பக்கத்தில் கொண்டுவரும் லேக் காலம் (Lag Column) நோடு. முந்தைய அளவைக் கழித்தால் அந்த 15 நிமிடச் செலவு கிடைக்கும். விடை எதிர்மறையாக வந்தால் முதலில் வரிசை சரியா என்று பாருங்கள்; அது சரியாக இருந்தால், அந்த நேரத்தில் மீட்டர் மாற்றப்பட்டதா என்று விசாரியுங்கள்.