பத்து வருடம் காத்திருந்த போத்தல்

பாரிசில் சின்னதாக ஒரு வைன் கடை வைத்திருக்கிறேன். போன செப்டெம்பரில் ஒரு தம்பி வேலை பழக வந்தான். இரண்டாம் நாளே நல்ல புர்கோன்ய் போத்தல்கள் இரண்டை (பிரான்சின் வைன் பிரதேசம் ஒன்று, ஆங்கிலக்காரர் பர்கண்டி என்பார்கள்) கண்ணாடி அலுமாரியில், சூடு கக்கும் மின்விளக்குக்கு நேர் கீழே நிமிர்த்தி வைத்திருந்தான். ஏச வாய் வரவில்லை. நான் செய்ததோடு பார்த்தால் அது ஒன்றுமேயில்லை.

கிளாஸை விளிம்புவரை ஊற்றுவது, தண்டை விட்டு வயிற்றைப் பிடிப்பது இவையெல்லாம் நாலு நாளில் தானாகத் திருந்திவிடும். அவற்றை விடுவோம். லேசில் திருந்தாத வைன் பிழைகளைச் சொல்கிறேன்.

"வைத்திருந்து குடிப்பம்"

கோப்பை கழுவப் போன இடத்தில்தான் எனக்கு வைன் பழக்கமானது. வாடிக்கையாளர் மிச்சம் விட்ட போத்தலை இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பெரிய சமையல்காரர் குசினிக்குக் கொண்டுவந்து எல்லோருக்கும் ஒரு விரல் ஊற்றுவார். வொல்நே என்ற புர்கோன்ய் ஊரை முதலில் குடித்தேன், பிறகுதான் வரைபடத்தில் தேடினேன். 1999 புர்கோன்ய் சிவப்புக்கு நல்ல வருடம். 2002இல் அந்த வருடத்து வொல்நே 12 போத்தல் வாங்கினேன். சம்பளத்தில் பாதி போயிற்று. பத்து வருடம் கழித்துத் திறப்பதாகக் கணக்கு.

அப்போது நான் இருந்தது ஆறாம் மாடியில் ஒரு ஒற்றை அறை. தலைக்கு மேலே பாரிசுக்கே அடையாளமான அந்தச் சாம்பல் நிறத் துத்தநாகத் தகட்டுக் கூரை. பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, பெரிய சீமானைப் போல மேலே படுத்துக்கொண்டேன்.

2003 ஓகஸ்ட் வந்தது. வெளியே 40 பாகையைத் தொடப் போன வெயில், தகட்டுக்குக் கீழே எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே பாருங்கள். அந்த மாதம் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேரை வெப்பம் கொண்டுபோனது. அவர்களில் பலர் தனியாக இருந்த முதியவர்கள். போத்தலை நினைக்கவே வெட்கமாக இருந்த நாட்கள். ஒரு மாதம் கழித்துத்தான் பெட்டியை இழுத்துப் பார்த்தேன். நாலைந்து போத்தலில் தக்கை கொஞ்சம் மேலே எழும்பி, கழுத்தோரம் பிசுபிசுத்திருந்தது. மற்றவை பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. துடைத்துவிட்டுத் திரும்ப உள்ளே தள்ளினேன்!

நடப்பது இதுதான். சூட்டில் வைன் பெருத்துத் தக்கையைத் தள்ளும். குளிரும்போது சுருங்கி, அதே வழியால் காற்றை உள்ளே இழுக்கும். காற்று புகாவிட்டாலும் சூடே பழ வாசத்தை அவித்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. 2012இல் பழைய சமையல்காரரை வீட்டுக்கு அழைத்து முதல் போத்தலைத் திறந்தேன். அவித்த உலர்பிளம்ஸ் வாசம். மனுஷன் ஒரு மிடறு குடித்தார், கிளாஸை மேசையில் வைத்தார், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். பன்னிரண்டு போத்தலும் அப்படித்தான்.

இதைக் கடையில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! போன வருடம்கூட ஒரு அண்ணை, மகளின் சாமத்தியச் சடங்குக்கென்று எட்டு வருடம் பொத்திவைத்த போத்தலைப் பெருமையாகக் கொண்டுவந்து காட்டினார். பொஜொலே நுவோ! நவம்பர் மாதம் மூன்றாம் வியாழன் வெளிவந்து, அடுத்த கோடைக்குள் குடித்து முடிக்க வேண்டிய சாமான். வைத்திருந்த இடம் அடுப்புக்கு மேல் தட்டு. எனக்கு வந்த எரிச்சலை அவர் தன் வைனின் தரத்தைப் பார்த்து வந்த பிரமிப்பு என்று எடுத்துக்கொண்டார்.

கடைகளில் விற்கும் வைனில் மிகப் பெரும்பகுதி வாங்கி ஓரிரு வருடத்துக்குள் குடிப்பதற்கே செய்யப்படுகிறது. காலத்தைத் தாங்க வைனுக்குள் ஏதாவது பிடிமானம் வேண்டும்: புளிப்பு, துவர்ப்பு, அல்லது இனிப்பு. சோத்தேர்ன் என்ற இனிப்பு வெள்ளை வைன் இனிப்பாலும் புளிப்பாலும் நிற்கிறது. தென்மேற்குப் பிரான்சின் நல்ல போர்தோ சிவப்பு துவர்ப்பால். கிழக்குப் பிரான்சில் ஜூரா மலைப்பக்கத்து மஞ்சள் வைன் வேறு சாதி. பீப்பாயில் குறைவதை நிரப்பாமல், மேலே ஈஸ்ட் ஆடை படர விட்டு ஆறு வருடத்துக்கு மேல் வைக்கிறார்கள். அதன் போத்தலே 62 சென்ரிலீற்றர்தான். ஒரு லீற்றரில் மிஞ்சுவது அவ்வளவு என்பது கணக்கு. காற்றோடு பழகிப் பிறந்ததால், திறந்த பிறகும் கிழமைக்கணக்கில் கெடாது.

வைத்திருக்க ஆசையென்றால் 12, 13 பாகையில், இருட்டில், வருடம் முழுக்க ஆடாத ஓரிடம் வேண்டும். அப்படியொரு நிலவறை இல்லாதவர் இந்த வருடம் குடிப்பதை மட்டும் வாங்குங்கள். நான் வியாபாரி, எனக்கு நட்டம்தான். ஆனாலும் சொல்கிறேன்.

போத்தலில் ஒட்டிய தங்கப் பதக்க ஸ்டிக்கர்

பார்க்காதீர்கள்.

சிவப்புக்கு "அறை வெப்பம்"

அந்தச் சொல் பிறந்தபோது வீடுகளில் ஹீற்றர் இல்லை. அறை என்றால் 16, 17 பாகை. இன்றைய 22 பாகை அறையில் சிவப்பு வைன் மதுசாரமாக மட்டும் மணக்கும். குளிர்சாதனப் பெட்டியில் இருபது நிமிடம் வையுங்கள்.

தக்கையை மோந்து பார்ப்பது

தக்கை தக்கையாகத்தான் மணக்கும். கிளாஸை மோந்து பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் திருப்பிக் கொடுக்கலாம், கூச்சம் தேவையில்லை.

காலண்டரைப் பார்க்காமல் வாங்குவது

என்ன வைன் வேண்டும் என்று கேட்டு வருபவரிடம், சந்தையில் இன்று என்ன இருக்கிறது என்றுதான் திருப்பிக் கேட்பேன். ஏப்ரலில் வெள்ளை அஸ்பராகஸ் என்ற தண்டு மரக்கறி வரும், ஜூனோடு போய்விடும். அதோடு துவர்ப்பான சிவப்பைக் குடித்தால் வாயில் இரும்பு. ஜெர்மன் எல்லையோர அல்சாஸில் மஸ்கா திராட்சையில் செய்யும் இனிப்பில்லாத வெள்ளையைக் கொடுங்கள், இரண்டும் ஒரே தோட்டத்தில் விளைந்ததுபோல இருக்கும். ஆட்டுப்பால் சீஸ் இளவேனிலில் ஆடுகள் புதுப்புல் மேயத் தொடங்கியதும் ருசிக்கும். சன்செர் வைன் விளையும் ஷவிஞோல் கிராமத்தின் சீஸையும் அந்த ஊர் வெள்ளையையும் ஒன்றாக வைத்துவிட்டு நான் பேசுவதில்லை. கரண்டியால் அள்ளித் தின்னும் மொந்தோர் சீஸ் செப்டெம்பர் 10 முதல் மே 10 வரைதான் கடைக்கு வரலாம், சட்டமே அப்படி. அதற்கும் சிவப்பு கேட்கிறார்கள். ஜூரா வெள்ளை, ஐயா, ஜூரா வெள்ளை.

நண்டுக் குழம்பும் போர்தோவும்

எங்கள் ஆட்களின் தனிப் பிழை இது. விருந்தென்றால் விலை கூடிய போர்தோ சிவப்பு மேசைக்கு வரவேண்டும். உறைப்பு மதுசாரத்தையும் துவர்ப்பையும் தூக்கிவிடும், 80 யூரோ போத்தல் மருந்துபோலக் கசக்கும். லுவார் ஆற்றுப் பக்கத்து வூவ்ரே வெள்ளை, அதுவும் அரை இனிப்புள்ளது, நன்றாகக் குளிரவைத்து எடுங்கள். மிளகாயை அந்த இனிப்பு அடக்கும், நண்டை அந்தப் புளிப்பு தூக்கும். விலையும் பாதிக்குக் கீழே. என் மனைவிக்கு மட்டும் இதில் நம்பிக்கையில்லை, நண்டுக்கு அவர் தண்ணீர்தான் குடிக்கிறார்.