சின்ன ஸ்லாட்டில் பெரிய கிராபிக்ஸ் கார்டு மாட்டுவது எப்படி?

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஸ்லாட்டின் முனையில் இருக்கும் கொக்கியை விடுவிக்காமல் பழைய கிராபிக்ஸ் கார்டை வெடுக்கென்று பிடுங்கினேன். கார்டு செருகும் நீளமான எக்ஸ்16 ஸ்லாட் பாதி பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. எச்81 சிப்செட் மதர்போர்டு, அதில் இருந்ததே ஒரு பெரிய ஸ்லாட்தான். மிச்சம் இருந்தது விரல் நீளம்கூட இல்லாத எக்ஸ்1 ஸ்லாட். எனக்குத் தேவை விளையாட்டு இல்லை, இரண்டாவது மானிட்டர் ஒன்று. கையில் இருந்தது ஜிடி 710 கார்டு. ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் கேட்டேன். "போர்டையே மாத்திடுங்க சார்" என்றார்கள். மாற்றவில்லை. இந்தப் பதிவு அந்தக் கம்ப்யூட்டரில்தான் எழுதப்படுகிறது.

இது நடக்கும் என்பதற்குக் காரணம் எளிது. இந்த ஸ்லாட்டுகளின் இணைப்பு முறையான பிசிஐ எக்ஸ்பிரஸில் (பிசிஐஇ) கார்டும் போர்டும் ஆன் ஆனதும் எத்தனை லேன், அதாவது தரவு ஓடும் பாதை, இருக்கிறது என்று தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்ளும். பதினாறு லேன் கார்டு ஒரே லேனிலும் ஓடும். கார்டுக்கு வேண்டிய 12 வோல்ட் பின்கள் எல்லாமே ஸ்லாட்டின் முதல் துண்டில், கேபினெட்டில் ஸ்க்ரூ போடும் பின்பக்கத் தகட்டை ஒட்டியே இருக்கின்றன. அந்தத் துண்டு எக்ஸ்1 ஸ்லாட்டிலும் அப்படியே உண்டு. எக்ஸ்1 ஸ்லாட் 25 மி.மீ., எக்ஸ்16 ஸ்லாட் 89 மி.மீ. நடுவில் தடையாக நிற்பது எக்ஸ்1 ஸ்லாட்டின் கடைசியில் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் சுவர் மட்டும்தான்.

வேகம் குறையும். என் போர்டின் எக்ஸ்1 ஸ்லாட் இரண்டாம் தலைமுறை, அதாவது நொடிக்கு 500 எம்பி. எக்ஸ்16 என்றால் 8 ஜிபி. எக்செல், பிரவுசர், படம் பார்ப்பதற்கெல்லாம் வித்தியாசமே தெரியவில்லை. புது கேம் ஆட நினைப்பவர்கள் இங்கேயே விலகிக்கொள்ளலாம்.

படி 1: எந்தக் கார்டு?

எக்ஸ்1 ஸ்லாட் தரவேண்டிய மின்சாரம் அதிகபட்சம் 25 வாட். பெரிய ஸ்லாட் 75 வாட் வரை தரும். ஜிடி 710 கேட்பது 19 வாட், அதனால் கவலை இல்லை. ஜிடிஎக்ஸ் 750 டிஐ 60 வாட் கேட்கும், பல மாடல்களில் தனி பவர் ஒயரும் கிடையாது, முழுவதையும் ஸ்லாட்டிலிருந்தே இழுக்கும். "எனக்கு ஓடுது" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சேலம் மே மாத வெயிலில் மூடிய கேபினெட்டுக்குள் அந்தச் சோதனையை நான் செய்ய மாட்டேன்.

படி 2: பின்னால் என்ன நிற்கிறது?

கார்டின் அடி ஓரத்தில் வரிசையாக இருக்கும் தங்க விரல்களில் (ஸ்லாட்டுக்குள் போகும் தொடுமுனைகள்) முக்கால் பங்கு ஸ்லாட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நேர்கோட்டில் உயரமான கெப்பாசிட்டர், பேட்டரி, ஹார்ட் டிஸ்க் கேபிள் மாட்டும் சாட்டா சாக்கெட் ஏதாவது இருந்தால் வெட்டியும் பயனில்லை. அட்டைப் பெட்டியில் கார்டு அளவுக்கு ஒரு துண்டு வெட்டி நிறுத்திப் பாருங்கள்.

படி 3: வெட்டுவது

போர்டை வெட்டுங்கள், கார்டை வெட்டாதீர்கள். கார்டின் விரல்களை அறுத்துச் சிறிதாக்கும் வீடியோக்கள் இருக்கின்றன. போர்டில் போவது ஒரு பிளாஸ்டிக் சுவர், கார்டில் போவது உள்ளே ஓடும் செம்புக் கோடுகள்.

சுழலும் டிரில் கருவி எனக்குப் பிடிக்காது. ஒரு நொடி கை நழுவினால் போர்டில் கோடு விழும். சூடான கத்தி அதைவிட மோசம், உருகிய பிளாஸ்டிக் பின்னுக்குள் இறங்கி உறைந்துவிடும். என் மச்சானுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. வெள்ளி அறுக்கிற மெல்லிய ரம்பத்தை இரவல் கேட்டேன். "ஏன் மாப்ள, கொலுசு அறுக்கிறத வச்சு கம்ப்யூட்டர அறுக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டுக் கொடுத்தார். இதற்கு இதைவிட நல்ல கருவி நான் பார்த்ததில்லை.

ரம்பத்தைச் சட்டத்தோடு இறக்கினால் பக்கத்தில் இருப்பதில் எல்லாம் இடிக்கும். பிளேடை மட்டும் கழற்றி, ஒரு முனையில் டேப் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்லாட்டைச் சுற்றி மாஸ்க்கிங் டேப் ஒட்டுங்கள். கடைசிப் பின்னுக்கும் சுவருக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்கும். அங்கே குறுக்காக வைத்து, உங்கள் பக்கமாக மட்டும் இழுங்கள். தள்ளினால் பிளேடு உடையும். எனக்கு இரண்டு உடைந்தன, மச்சானிடம் ஒன்று என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

நான் முதலில் தடுக்கி விழுந்தது ஆழத்தில். சுவர் ஆட ஆரம்பித்ததும் மூக்குப் பிளையரால் ஒடித்துவிட்டேன். அடியில் ஒரு சின்ன மேடு நின்றுவிட்டது. கார்டு அதன் மேல் ஏறி உட்கார்ந்து லேசாகச் சாய்ந்தது, கண்ணுக்குத் தெரியவே இல்லை. ஸ்லாட் பள்ளத்தின் தரை மட்டம் வரை வெட்டு இறங்க வேண்டும். மிச்சத்தைச் சின்னத் தட்டை அரத்தால் ராவிச் சமப்படுத்துங்கள். தூளை பிரஷ்ஷால் எடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

படி 4: மாட்டியும் வரவில்லையா?

என் ஞாயிற்றுக்கிழமையை முழுதாகத் தின்றது இதுதான். கார்டு சரியாக உட்கார்ந்தது, ஆனால் விண்டோஸுக்கு அப்படி ஒரு கார்டு இருப்பதே தெரியவில்லை. இரண்டு தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி கழற்றினேன்.

'கார்டு வந்திருக்கிறது' என்று போர்டுக்குச் சொல்ல இரண்டு பின்கள் இருக்கின்றன. ஒன்று தொடக்கத்தில், இன்னொன்று கடைசியில். கார்டுக்குள் இரண்டும் இணைந்திருக்கும். எக்ஸ்16 கார்டில் அந்தக் கடைசிப் பின் கிட்டத்தட்ட மறுகோடியில், அதாவது நம் ஸ்லாட்டுக்கு வெளியே அந்தரத்தில் இருக்கிறது. எக்ஸ்1 ஸ்லாட் எதிர்பார்ப்பது 17ஆவது இடத்தில். பல போர்டுகள் இதைக் கண்டுகொள்வதில்லை, அதனால் முதலில் சும்மா மாட்டிப் பாருங்கள். என் போர்டு கண்டுகொண்டது.

கார்டின் சிப் இருக்கும் பக்கத்தை உங்களைப் பார்க்க வையுங்கள். தகட்டுப் பக்கத்திலிருந்து எண்ணினால் 11 விரல், ஒரு வெட்டு, அப்புறம் மீண்டும் விரல்கள். வெட்டுக்குப் பிறகு ஆறாவதுதான் 17. மற்றவற்றைவிடக் கொஞ்சம் குட்டையாக இருக்கும். அதே பக்கத்தில் மறுகோடியிலும் ஒரு குட்டை விரல் இருக்கும். இப்போது கார்டைத் திருப்பி, பின்பக்கத்தில் தகட்டை ஒட்டிய முதல் விரலையும் அந்த மறுகோடி விரலையும், இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில் வைத்த மல்டிமீட்டரால் தொடுங்கள். பீப் என்றால் சரியான இடம். அந்த மறுகோடி விரலிலிருந்து 17ஆவது விரலின் மேல்முனைக்கு எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பி ஒன்றைச் சால்டர் செய்யுங்கள். சால்டர் பொட்டு விரலின் உச்சியில் மட்டும் இருக்கட்டும், கீழே வழிந்தால் கார்டு ஸ்லாட்டில் இறங்காது. பக்கத்து விரலைத் தொடவில்லை என்று மறுபடி பீப் வைத்துப் பாருங்கள். கடைசியில், வெளியே நீட்டும் விரல்கள் எல்லாவற்றையும் கேப்டன் டேப்பால் (சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாத டேப்) மூடிவிடுங்கள்.

ஆன் செய்தேன். வந்தது.

எக்ஸ்1 ஸ்லாட்டின் முனையில் கொக்கி இல்லாததால் கார்டு ஆடும். பின்தகட்டு ஸ்க்ரூவைக் கட்டாயம் போடுங்கள்.

பிற்சேர்க்கை 1: கார்டு தெரிகிறது, ஆனால் போர்டின் சொந்த டிஸ்ப்ளே அணைந்துவிடுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் போர்டின் அமைப்புப் பக்கம்) முதன்மை டிஸ்ப்ளேவை 'ஐஜிஎஃப்எக்ஸ்' (சொந்த டிஸ்ப்ளே) என்று மாற்றி, மல்டி மானிட்டர் வசதியையும் ஆன் செய்யுங்கள். அங்கே 'பிஇஜி' என்று இருப்பது பெரிய ஸ்லாட்டை மட்டும் குறிக்கும். எக்ஸ்1 ஸ்லாட் 'பிசிஐஇ' கணக்கில் வரும்.

பிற்சேர்க்கை 2: ஏற்காட்டில் விடுதி நடத்தும் ஒருவருக்கு சிசிடிவி பார்க்க இன்னொரு திரை வேண்டும். ஸ்லாட்டுக்குப் பின்னால் சாட்டா சாக்கெட் நிற்பதால் வெட்ட முடியாது. அவருக்கு ரைசர், அதாவது கார்டைத் தள்ளி வைத்து ஸ்லாட்டோடு கேபிளால் இணைக்கும் அட்டை, வாங்கச் சொன்னேன், வெட்டப் பயப்படுபவர்களுக்கும் அதுதான் வழி. இரண்டு நாள் கழித்து "வேலை செய்யவில்லை" என்று எழுதினார். ரைசரின் நீலக் கேபிளைக் கம்ப்யூட்டரின் முன்பக்க யுஎஸ்பியில் செருகியிருந்தார்! பார்க்க யுஎஸ்பி கேபிள்தான், ஆனால் அதில் ஓடுவது பிசிஐஇ சிக்னல். ரைசரோடு வரும் குட்டி அட்டையை எக்ஸ்1 ஸ்லாட்டில் செருகி, கேபிளை அதில்தான் மாட்ட வேண்டும். ரைசருக்கு மின்சாரம் கொடுக்கும்போது சாட்டா பவர் மாற்றியைத் தவிர்த்துவிடுங்கள், அந்தக் கனெக்டர் 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட்தான், பெரிய கார்டு போட்டால் உருகும். பவர் சப்ளையிலிருந்து நேராக வரும் ஆறு பின் ஒயர் இருந்தால் அதையே கொடுங்கள்.