அமிகா 500-ல சரவுண்ட் சவுண்ட்: ஹெலிகாப்டரை தலைக்குப் பின்னாடி ஓட்டுவது எப்படி

1987-ல வந்த அமிகா 500 ஹோம் கம்ப்யூட்டர்ல மொத்தமே நாலு சவுண்ட் சேனல்தான், அதுவும் 8 பிட், அதுலயும் 1, 4 ரெண்டும் இடது பக்கம், 2, 3 ரெண்டும் வலது பக்கம்னு ஹார்டுவேர்லயே கட்டிப் போட்டுட்டாங்க. இதுல எங்கேருந்துப்பா சரவுண்ட்னு கேப்பீங்க. ஆனா அப்படிக் கட்டிப் போட்டதுதான் நமக்கு வசதியே.

பழைய டால்பி புரோ லாஜிக் ரிசீவர் (ஸ்டீரியோ சத்தத்தை முன், நடு, பின் ஸ்பீக்கருக்குப் பிரிச்சு விடுற ஆம்ப்ளிஃபயர்) என்ன பண்ணுதுன்னா, இடதுலயும் வலதுலயும் ஒரே மாதிரி வர்ற சத்தத்தை நடு ஸ்பீக்கருக்கு அனுப்பும், ஒண்ணு மேல போறப்ப இன்னொண்ணு கீழ போற மாதிரி தலைகீழா வந்தா பின்னாடி அனுப்பிடும். அவ்ளோதான் சூட்சுமம்.

முதல்ல சாம்பிள், அதாவது பதிவு பண்ண சின்ன சத்தத் துண்டு. லூப் ஆகுற ஹெலிகாப்டர் சத்தம் ஒண்ணு எடுத்துக்கங்க, மோனோ. ஆடாசிட்டிங்கிற ஆடியோ எடிட்டர்ல திறந்து சாம்பிள் ரேட்டை 8287 ஹெர்ட்ஸுக்கு மாத்தி (PAL, அதாவது ஐரோப்பிய டிவி முறை அமிகால சி-2 நோட் ஓடுற வேகம் இதான்) அமிகா ஐஎஃப்எஃப் ஃபார்மட்ல சேவ் பண்ணுங்க. அப்புறம் அதே சாம்பிளுக்கு இன்வெர்ட் எஃபெக்ட் (சத்த அலையைத் தலைகீழாக்குறது) போட்டு வேற பேர்ல இன்னொரு சேவ். அசெம்பிளி லாங்குவேஜ்ல புரோகிராம் எழுதுறவங்க ஒவ்வொரு பைட்லயும் எல்லா பிட்டையும் புரட்டிட்டா போதும். மைனஸ் போடப் போனா -128-க்கு ஜோடி கிடையாது, 127-தான் உச்சம், அங்க டக்குனு ஒரு கிளிக் விழும். அமிகாவோட சவுண்ட் சிப்பான பவுலால வால்யூம் 0-லேருந்து 64 வரைக்கும்தான், மைனஸ் வால்யூம் கிடையாது, அதனாலதான் மெமரிய தின்னாலும் ரெண்டு காப்பி தேவைப்படுது.

இப்ப புரோடிராக்கர், அதாவது வரிசை வரிசையா நோட்டும் கமாண்டும் போட்டு பாட்டு பண்ற அமிகா சாஃப்ட்வேர். இதுல ஒவ்வொரு டிராக்கும் ஒரு சேனல். முதல் வரிசையில டிராக் 1-லயும் 2-லயும் நார்மல் சாம்பிள், டிராக் 3-ல இன்வெர்ட் பண்ணது, மூணுக்கும் அதே சி-2. 3-க்கு மட்டும் சி00 கமாண்ட், அதாவது சத்தமில்லாம ஓடட்டும். மூணும் ஒரே வரிசையில ஆரம்பிக்கணும், ரெண்டு சாம்பிளுக்கும் லூப் அளவு அச்சு அசலா ஒண்ணா இருக்கணும், இதுல விட்டா எல்லாம் போச்சு.

அடுத்த வரிசையிலேருந்து டிராக் 2-ல ஏ01 (வால்யூமைக் குறைக்கிற கமாண்ட்) போட்டுக்கிட்டே வாங்க. ஸ்பீடு 6-ல வரிசைக்கு 5 குறையும், 13 வரிசையில வலது பக்கம் பூஜ்யம். நடுவுல நின்ன ஹெலிகாப்டர் இடது பக்கம் நகர்ந்திருக்கும். இப்ப டிராக் 3-ல ஏ10 (வால்யூமை ஏத்துறது), இன்னொரு 13 வரிசை. வலது பக்கம் தலைகீழ் சத்தம் ஏற ஏற ஹெலிகாப்டர் இடது தோளைத் தாண்டி முதுகுப் பக்கம் போயிடும். மொத்தம் மூணு செகண்டு சொச்சம், முதல் தடவை கேட்டப்ப நான் நெஜமாவே திரும்பிப் பாத்தேன். நாலுல மூணு சேனல் ஒரே சத்தத்துக்குப் போயிடும்தான், பாட்டுக்கெல்லாம் இது கட்டுப்படியாகாது, டைட்டில் ஸ்கிரீனுக்கு ஓகே.

பின்னாடி டிரெபிள் செத்துப் போகுமேன்னு கவலை வேணாம். ரிசீவர் பின் ஸ்பீக்கருக்கு 7 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான் விடும், நம்ம சாம்பிள்லயோ 4-க்கு மேல ஒண்ணும் இல்ல.

ரிசீவர் இல்லையா? ஒரு ஸ்பீக்கரை எடுத்து அதோட ரெண்டு வயரையும் ஆம்ப்போட இடது சிவப்புக்கும் வலது சிவப்புக்கும் நடுவுல மாட்டுங்க, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் அதுல கேக்கும். ஹாஃப்லர் வயரிங்னு சொல்வாங்க. ஆனா பிரிட்ஜ் டைப் ஆம்ப்ல, குறிப்பா கார் ஆம்ப்ல, தயவுசெஞ்சு வேணாம், புகை வந்துடும்.

எமுலேட்டர்ல (இப்போதைய கம்ப்யூட்டர்ல அமிகா மாதிரி ஓடுற சாஃப்ட்வேர்) பண்றவங்க முதல்ல ஸ்டீரியோ செப்பரேஷனை 100 சதவீதம் வைங்க. எனக்கு அது கம்மியா இருந்து, இடதும் வலதும் கலந்து ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு, பின்னாடி போக வேண்டிய சத்தம் பாதி காணாமப் போச்சு, நான் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சாம்பிளைத் திட்டிக்கிட்டு இருந்தேன். சரியா வந்துச்சான்னு பாக்க, ஹெலிகாப்டர் முழுசா பின்னாடி போன அப்புறம் ஆம்ப்ல மோனோ பட்டனை அமுக்குங்க. சத்தம் சுத்தமா நின்னுட்டா சரி. கொஞ்சம் கரகரன்னு மிச்சம் இருந்தா லூப் அளவை மறுபடி பாருங்க.