காரில் புது செற் போடுவதும் பழைய அம்பிளிபயரை விலக்கி வயர் கொடுப்பதும்: முதல் தடவை செய்பவர்களுக்கு

ஜப்பானில் இருந்து வந்த கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலையிடி எப்படியும் ஒரு நாள் வரும். பற்றரி இறங்கிப் புதுசு போட்டால் டாஷ்போட்டில் இருக்கும் பாட்டு செற் வேலை செய்யாது, திரையில் ஜப்பான் எழுத்து வந்து மப் கார்டைப் போடு என்று கேட்டுக்கொண்டே நிற்கும், அந்தக் கார்ட் எங்கே போனது என்று காரை விற்றவருக்கும் தெரியாது. அப்படிப் பூட்டுப்படாவிட்டாலும் றேடியோவால் பெரிய பிரயோசனம் இல்லை. ஜப்பானில் எப்எம் 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்குகிறது, பழைய செற்கள் 90 உடன் நின்றுவிடும். எங்களுடைய நிலையங்கள் 87.5 முதல் 108 வரை பரந்து கிடக்கின்றன. ஆகவே புது அன்ட்ரொய்ட் செற் ஒன்று வாங்கிப் போடுவது நியாயமான முடிவுதான்.

சாதாரண அக்சியோ, விற்ஸ் போன்றவற்றில் இது சுகமான வேலை. பின்னால் உள்ள சொக்கற்றைக் கழற்றிப் புதுசின் சொக்கற்றை மாட்டினால் பாட்டு வரும். சிக்கல் எங்கே என்றால், கம்பனியே தனியாக ஒரு அம்பிளிபயர் (சிக்னலைப் பலமாக்கும் பெட்டி) வைத்து அனுப்பிய வண்டிகளில். ஜேபிஎல் சிஸ்ரம் உள்ள பிராடோ, ஹரியர், போஸ் சிஸ்ரம் உள்ள நிசான் வண்டிகள் இந்த வகை. இவற்றில் புது செற்றை மாட்டினால் திரை எரியும், பாட்டு ஓடுவது தெரியும், ஸ்பீக்கரில் மட்டும் ஒரு சத்தமும் இராது. இந்தப் பதிவு அவர்களுக்கானது.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள்

சாதாரண வண்டியில் அம்பிளிபயர் செற்றுக்குள்ளேயே இருக்கிறது. செற்றின் பின்னால் இருந்து நான்கு சோடி வயர் நேரே நான்கு ஸ்பீக்கருக்கும் போகும். மற்ற வகையில் செற் அனுப்புவது மெல்லிய சிக்னல் மட்டும். அது சீற்றுக்குக் கீழேயோ பூட்டின் (பின்னால் சாமான் வைக்கும் இடம்) பக்கச் சுவருக்குள்ளோ இருக்கும் ஒரு அலுமினியப் பெட்டிக்குப் போய், அங்கே பலமாகி, பிறகுதான் ஸ்பீக்கர்களுக்குப் பிரிகிறது. அந்தப் பெட்டியை விலக்கிவிட்டு, புது செற்றின் பலத்திலேயே ஸ்பீக்கர்களை ஓட விடுவதைத்தான் பைபாஸ் என்கிறோம்.

பெட்டி நல்ல நிலையில் இருந்தால் அதை விலக்க வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் மொடலுக்கென்று அடப்ரர் விற்கிறார்கள், அதை வாங்கி, செற்றின் நீல-வெள்ளை வயரைப் பெட்டியை ஓன் பண்ணும் வயருக்குக் கொடுத்தால் பழைய சத்தம் அப்படியே கிடைக்கும். விலக்கினால் சிலது போகும். சப்வூபர் இருந்தால் அது ஊமையாகிவிடும். சில வண்டிகளில் பார்க்கிங் சென்சர் சத்தமும் அந்தப் பெட்டி வழியாகவே வருகிறது, அதுவும் நின்றுவிடலாம். புது செற் வரும் அட்டைப் பெட்டியில் 50 வாட் x 4 என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடியது ஒரு சனலுக்குச் சுமார் 20 வாட்தான். காருக்குள் கேட்க அது தாராளமாகப் போதும்.

ஆனால் வன்னியில் இந்தப் பெட்டிகள் நிறையச் செத்துப்போகின்றன. சீற்றுக்குக் கீழே, காப்பெற்றோடு ஒட்டினாற்போல இருப்பதால் கார்த்திகை மார்கழி மழையில் கதவடியால் உள்ளே வரும் தண்ணீர் முதலில் தொடுவது இதைத்தான். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீருக்குள் நின்ற வண்டிகளை நினைத்துப் பாருங்கள். வெளியில் கழுவித் துடைத்துப் பளபளப்பாக்கியிருப்பார்கள், காப்பெற்றுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பெட்டியின் சொக்கற்றைக் கழற்றி டோர்ச் அடித்துப் பாருங்கள். பின்கள் மஞ்சளாகவோ வெள்ளியாகவோ மினுங்கினால் நல்லது. பச்சைத் தூள் படிந்து, நகத்தால் சுரண்டினால் மாவாகக் கொட்டினால், அந்தப் பெட்டியைத் திருத்துவதற்குக் காசு செலவழிக்காதீர்கள்.

செற் வாங்க முன் ஓம் அளவுங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு. கடையில் வாங்கும் செற்கள் 4 ஓம் ஸ்பீக்கருக்கு என்று செய்யப்பட்டவை. கம்பனி அம்பிளிபயரோடு வரும் ஸ்பீக்கர்கள் பலது 2 ஓம், சிலது அதற்கும் குறைவு. ஓம் குறைந்தால் செற் தள்ள வேண்டிய கரண்ட் கூடும். 2 ஓம் ஸ்பீக்கரை நேரே கொடுத்தால் கொஞ்ச நேரம் நன்றாகப் பாடும், சத்தத்தைக் கூட்டியதும் நின்று நின்று வரும், ஒரு நாள் உள்ளே இருக்கும் ஐசி (அம்பிளிபயர் சிப்) எரிந்துவிடும். வயர்களை முறுக்கி மாட்டிவிட்டு “பாடுது தானே” என்று காரைக் கையில் தரும் கடைகளில் நடப்பது இதுதான். செற் பழுது என்று திருப்பிக் கொடுத்து, இன்னொன்று வாங்கி, அதையும் எரிப்பார்கள். பிழை செற்றில் இல்லை.

அளப்பது இலகு. சாதாரண டிஜிற்றல் மல்ரிமீற்றர் போதும். 200 ஓம் அளவில் வைத்து, முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.2, 0.3 என்று ஏதாவது காட்டும். அது மீற்றர் வயரின் சொந்தத் தடை, வரும் அளவில் இருந்து அதைக் கழிக்க வேண்டும். பிறகு அம்பிளிபயரின் சொக்கற்றைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கருக்குப் போகும் பக்கத்தில் ஒவ்வொரு சோடியாகத் தொடுங்கள். கழித்த பிறகு 3.2 இலிருந்து 3.8 வரை வந்தால் அது 4 ஓம் ஸ்பீக்கர். 1.6, 1.8 என்று வந்தால் 2 ஓம். ஒன்றுமே காட்டாவிட்டால் ஒன்றில் வயர் அறுந்திருக்கிறது, இல்லாவிட்டால் அந்தச் சோடியில் கப்பாசிற்றர் போட்ட ருவீற்றர் (கீச்சுச் சத்தம் தரும் சின்ன ஸ்பீக்கர்) மட்டும் இருக்கிறது. கப்பாசிற்றர் மீற்றரின் கரண்டை விடாது.

2 ஓம் என்று வந்தால் இரண்டே வழி. கதவு ஸ்பீக்கர்களை 4 ஓமுக்கு மாற்றுங்கள், அல்லது 2 ஓம் தாங்கும் நாலு சனல் அம்பிளிபயர் ஒன்றைத் தனியாகப் போடுங்கள். இடையில் றெசிஸ்ரர் போட்டால் சரி என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம், பலத்தில் பெரிய பங்கு அந்த றெசிஸ்ரரில் சூடாகிப் போகும்.

வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். ரொயோட்டாவின் ஜப்பான் செற்கள் 200 மில்லிமீற்றர் அகலம், மற்ற இரட்டை டின் (2-DIN அளவு) செற்கள் 178. உயரம் ஒன்றுதான். பக்கத்தில் வரும் இடைவெளியை மறைக்கும் பிறேமையும், உங்கள் வண்டிக்கான சொக்கற்றையும் செற்றோடு சேர்த்தே கேளுங்கள். வவுனியாவில் கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் சொல்லி பஸ்ஸில் போட்டு எடுக்கலாம்.

கழற்றுவது

காலையில், நிழலில் செய்யுங்கள். பற்றரியின் நெகற்றிவ்வைக் கழற்றி இரண்டு மூன்று நிமிடமாவது பொறுங்கள். எயார்பாக் சுற்றில் சேர்ந்திருக்கும் மின்சாரம் இறங்க ரொயோட்டா சொல்வது 90 செக்கன்ட், கொஞ்சம் கூடப் பொறுத்தால் குறைந்துபோக மாட்டீர்கள். டாஷ்போட்டுக்குள் மஞ்சள் நிறச் சொக்கற் கண்டால் அது எயார்பாக், தொடாதீர்கள். அதில் மீற்றர் வைத்துப் பார்க்கவும் கூடாது. ஹைபிரிட் என்றால் செம்மஞ்சள் நிறத் தடித்த வயர்களின் பக்கமே போக வேண்டாம். ஹைபிரிட்டில் 12 வோல்ட் பற்றரி பெரும்பாலும் பூட்டுக்குள்ளோ பின்சீற்றடியிலோ இருக்கும். பூட்டுக்குள் என்றால் வேலை முடியும் வரை கதவை மூடாதீர்கள், மூடினால் கரண்ட் இல்லாமல் திறக்க மினக்கெட வேண்டும்.

பிறேமைக் கழற்ற பிளாஸ்ரிக் நெம்பி பாவியுங்கள். ஸ்குறூட்றைவர் கொடுத்து நெம்பினால் தழும்பு விழும், வெயிலில் காய்ந்த கிளிப்புகள் உடையும். உள்ளே பெரும்பாலும் நான்கு 10 மில்லிமீற்றர் போல்ட்கள். வயர்களைக் கழற்ற முன் போனில் படம் எடுத்து வையுங்கள்.

வயர் நிறங்கள்

புது செற்றின் பக்கத்தில் மஞ்சள் எப்போதும் வரும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் வரும் 12 வோல்ட், கறுப்பு எர்த். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டது அந்த ஸ்பீக்கரின் மைனஸ்.

வண்டியின் பக்கத்தில் நிறத்தை நம்பாதீர்கள். அம்பிளிபயர் இல்லாத ரொயோட்டாக்களில் பெரும்பாலும் எர்த் மண்ணிறம், கறுப்பு பின் இடது ஸ்பீக்கரின் பிளஸ். கறுப்பு என்றால் எர்த் என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால் அந்த இடத்திலேயே செற் போய்விடக்கூடும். ஸ்பீக்கரின் மைனஸும் எர்த் இல்லை. இந்தச் செற்கள் இரண்டு வயரிலும் சிக்னல் கொடுப்பவை, ஆகவே ஸ்பீக்கர் மைனஸைக் காரின் பொடியில் (இரும்பு உடலில்) தொட விடவும் கூடாது, நான்கு மைனஸையும் ஒன்றாகச் சேர்க்கவும் கூடாது.

பைபாஸ் செய்வது

இந்த வேலை அம்பிளிபயர் இருக்கும் இடத்தில்தான். டாஷ்போட்டில் இருந்து பெட்டிக்குப் போகும் பழைய வயர்கள் மெல்லிய சிக்னல் வயர்கள், ஸ்பீக்கர் ஓட்டுவதற்கு அவை சரிவராது. ஆகவே செற்றில் இருந்து பெட்டி இருக்கும் இடம் வரை புதிதாக நான்கு சோடி ஸ்பீக்கர் வயர் இழுங்கள். கதவடி பிளாஸ்ரிக்கைத் தூக்கினால் வயர் ஓடும் பாதை தெரியும், அதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போகலாம்.

பெட்டியின் சொக்கற்றில் எந்தச் சோடி எந்த ஸ்பீக்கர் என்று கண்டுபிடிக்க ஒரு 1.5 வோல்ட் பென் பற்றரி போதும். சொக்கற் பெட்டியில் இருந்து கழன்றிருக்கிறது என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு, மீற்றரில் 2, 4 ஓம் காட்டிய சோடிகளை மட்டும் பற்றரியால் ஒரு கணம் தொடுங்கள். எந்த மூலையில் “டக்” என்று கேட்கிறதோ அதுதான் அந்த ஸ்பீக்கர். கதவு மூடியைக் கழற்றியிருந்தால் ஸ்பீக்கரின் கோனை (முன்னால் அசையும் கூம்பை) பாருங்கள். வெளியே தள்ளினால் பற்றரியின் பிளஸ் தொட்ட வயர்தான் பிளஸ், உள்ளே இழுத்தால் மாறி. ஒவ்வொன்றையும் ரேப் துண்டில் எழுதி ஒட்டுங்கள். ஒரு ஸ்பீக்கர் பிளஸ் மைனஸ் மாறினாலும் பாட்டு வரும், ஆனால் பேஸ் இருக்காது, பாடுபவரின் குரல் நடுவில் நிற்காமல் அலையும்.

ருவீற்றர் தனிச் சோடியாக இருந்தால் அவதானம். அதற்கென்று பெட்டியில் தனிச் சனல் இருந்திருக்கும், தாழ்ந்த சத்தத்தை (பேஸை) வெட்டும் வேலையைப் பெட்டியே பார்த்திருக்கும். அப்படியே கதவு ஸ்பீக்கரோடு சேர்த்தால் ருவீற்றர் எரியும். 4.7 மைக்ரோபராட், 50 வோல்ட், நொன்போலார் (பிளஸ் மைனஸ் இல்லாத) கப்பாசிற்றர் ஒன்றை அதன் பிளஸ் வயரில் தொடராகப் போட்டு, பிறகு அதே பக்கத்து முன் ஸ்பீக்கரோடு இணையுங்கள். ஏற்கெனவே கப்பாசிற்றர் இருந்தால் இது தேவையில்லை.

இப்போது இணைப்பது. பலரும் சொக்கற்றை வெட்டி எறிந்துவிட்டு வயரை முறுக்குகிறார்கள். வெட்டத் தேவையே இல்லை. செத்த பெட்டியைத் திறந்து, உள்ளே சேர்க்கிற் போட்டில் ஒட்டியிருக்கும் ஆண் சொக்கற்றை ஈயம் உருக்கிக் கழற்றி எடுங்கள். பின்களில் பச்சை இருந்தால் சுரண்டித் துடைத்து, நீங்கள் இழுத்து வந்த புது வயர்களை அந்தப் பின்களில் ஈயம் வைத்து ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் ஹீற்சிறிங் (சூடாக்கினால் சுருங்கும் குழாய்) போட்டு மூடுங்கள். வண்டியின் சொக்கற்றை அதில் மாட்டினால் வேலை முடிந்தது, வண்டியின் ஒரு வயரும் வெட்டுப்படவில்லை. பெட்டிக்கு வந்த 12 வோல்ட் வயர் அந்தச் சொக்கற்றில் இன்னும் உயிரோடுதான் இருக்கும், அதன் பின்னை மூடிவிட்டு, அதற்கான பியூஸையும் கழற்றுங்கள்.

வெறும் ரேப்பை நம்பாதீர்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் ரேப்பின் பசை உருகி வழுக்கிக்கொண்டு வரும், பிறகு கிரவல் ரோட்டுக் குலுக்கலில் வயர் வெளியே எட்டிப் பார்க்கும்.

மிச்சம்

அன்ரெனாவுக்கு ரொயோட்டாவின் சொக்கற் வேறு, அதற்கு அடப்ரர் வேண்டும். அதில் வரும் நீல வயரை செற்றின் நீல வயருக்குக் கட்டாயம் கொடுங்கள், அன்ரெனாவின் பூஸ்ரருக்குக் கரண்ட் போவது அதில்தான். கொடுக்காவிட்டால் ஏ-9 இல் கொக்காவில் கோபுரத்துக்குக் கிட்ட மட்டும் றேடியோ தெளிவாக இருக்கும், ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பியதும் இரையும். ரொயோட்டாவின் சொந்த றிவேர்ஸ் கமெரா பலதும் 6 வோல்ட்டில் ஓடுபவை, 12 கொடுத்தால் எரியும். அதற்கும் அடப்ரர் உண்டு.

எல்லாவற்றையும் மூட முன், செற்றை வெளியே தொங்கவிட்டபடியே பற்றரியைக் கொடுத்துப் பாருங்கள். பலன்ஸ் (இடம்-வலம்), பேடர் (முன்-பின்) இரண்டையும் திருப்பி நான்கு மூலையையும் தனித்தனியே கேளுங்கள். இன்ஜினை ஸ்ராட் பண்ணி ஆர்பிஎம் ஏறும்போது கூடவே கூவுகிற சத்தம் வந்தால் எர்த் சரியில்லை, கறுப்பு வயரைப் பெயின்ற் இல்லாத இரும்பில் இறுக்குங்கள். பிறகு அரை மணித்தியாலம் பாதிச் சத்தத்தில் பாட விட்டு செற்றின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு என்றால் சரி, போல்ட்களை இறுக்கி பிறேமைப் பூட்டலாம். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிற்பாட்டி, மீற்றரை எடுத்து ஒவ்வொரு சோடியாகத் திரும்ப அளவுங்கள்.