மலையில் மழலையர் வகுப்பறை அமைப்பது எப்படி? ஈரத்திலிருந்து தொடங்குங்கள்

கொடைக்கானல் மலையில், பெருமாள்மலைப் பக்கம் ஒரு வீட்டின் முன் ஹாலை மழலையர் வகுப்பாக மாற்றினோம். அதைப் பார்த்துவிட்டு பண்ணைக்காடு, பூம்பாறை என்று பல ஊர்களிலிருந்தும் "எங்க ஊர்லயும் ஒண்ணு ஆரம்பிக்கணும், எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். அனுமதி, கட்டணம், பாடத்திட்டம் எல்லாம் வேறு கதை. இங்கே அறை மட்டும். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் பதினைந்து பேர், ஒரு ஹால், ஒரு பாத்ரூம் என்று வைத்துக்கொள்வோம்.

இணையத்தில் கிடைக்கிற வகுப்பறைப் படங்களைப் பார்த்து அப்படியே செய்தால் கொடைக்கானலில் எடுபடாது. ஜூனில் பள்ளி திறக்கும்போது எந்த அறையும் அழகாகத்தான் இருக்கும். ஐப்பசி மழை பிடித்த பிறகுதான் அறையின் குணம் தெரியும். சுவரில் ஒட்டிய படம் சுருளும், செல்லோ டேப் பிடி விடும், பிரம்புக் கூடையில் பூசணம் பூக்கும், பிளைவுட் அலமாரியின் அடி உப்பிக்கொண்டு வரும். அதனால் ஒரு பொருள்கூட வாங்குவதற்கு முன்னால் சுவரைப் பாருங்கள்.

முதல் வேலை: சுவரும் வெயிலும்

நல்ல மழை பெய்த மறுநாள் நான்கு சுவரையும் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். எது ஜில்லென்று ஈரமாக இருக்கிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள். அந்தச் சுவரில் புத்தகம், துணி, காகிதம் எதுவும் வரக்கூடாது. அங்கே கைகழுவும் இடமோ செருப்பு ஸ்டாண்டோ வரட்டும். அறைக்கு நடுவே தடுப்புச் சுவர் இருந்தால் அதுதான் உங்கள் தங்கம். இரண்டு பக்கமும் உள்ளறை என்பதால் அது பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். புத்தகங்களை அங்கே வையுங்கள்.

பெயின்டுக் கடையில் கழுவக்கூடிய பளபளப்பான பெயின்டைத்தான் நீட்டுவார்கள். ஈரச் சுவருக்கு நான் சுண்ணாம்பைத்தான் சொல்வேன். சுவர் மூச்சு விடும், பூசணமும் அதில் அவ்வளவு சீக்கிரம் ஏறாது. கையில் ஒட்டுகிறது என்பவர்கள் குழந்தையின் தோள் உயரம் வரை மட்டும் பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வெயில். காலை பத்து மணிக்கு எந்த ஜன்னல் வழியாக வெயில் தரையில் விழுகிறது என்று பாருங்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்கு ஜன்னல் இருந்தால் பாக்கியம். உறைபனிக் காலத்துச் சிமென்ட் தரையில் ஒரு குழந்தையும் உட்கார மாட்டாள். கயிற்றுப் பாய் விரித்து, அதன் மேல் ஜமக்காளம் போட்டு, அந்த வெயில் விழும் இடத்தைக் கூடி உட்காரும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சு இறங்கினால் மத்தியானமே அறை இருட்டிவிடும். டியூப்லைட் போதாது. கரண்ட் போனாலும் எரிகிற சார்ஜ் விளக்கு இரண்டு வேண்டும்.

குளிருக்கு ஒரு எச்சரிக்கை. வீட்டில் கணப்பு மூட்டுகிற பழக்கத்தில் யாராவது கரி அடுப்பைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஜன்னல் மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையே கிடையாது, உயிரையே எடுத்துவிடும். ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் போதும்.

வாசல்

மலையில் வகுப்பு தொடங்குவது வாசலில். நனைந்த குடை, மழைக்கோட்டு, சேறு அப்பிய பூட்ஸ் எல்லாம் உள்ளே வந்துவிட்டால் அன்றைக்கு முழுக்கத் தரை துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கதவுக்கு வெளியே கூரை உள்ள இடமாகப் பார்த்து முனை மழுங்கிய மர முளைகளை வரிசையாக அடியுங்கள். குழந்தையின் கண் மட்டத்தில் இரும்புக் கொக்கி வேண்டவே வேண்டாம். முளைக்கும் முளைக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஈர ஸ்வெட்டர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் காயாது, பேனும் ஊர் சுற்றும்.

ஒவ்வொரு முளைக்கும் ஒரு படம். சிலர் குறிஞ்சிப்பூவை வரைந்து வைக்கிறார்கள். அது கடைசியாகப் பூத்தது 2018இல், அடுத்து 2030இல்தான். நாலு வயதுப் பிள்ளைக்கு அது வெறும் நீல நிறம். காரட், பேரிக்காய், மலைப்பூண்டு, காட்டெருமை, மலை அணில் என்று தினமும் கண்ணில் படுவதை வரையுங்கள். முதல் வாரத்திலேயே "என் காட்டெருமை" என்று இடம் பிடித்துக்கொள்வார்கள்.

அலமாரி: இங்கேதான் நின்று நிதானமாக வாசிக்க வேண்டும்

எனக்கு அதிகம் தண்ணி காட்டியது இந்த வேலைதான். சிக்கல் இது: ஈரத்துக்காக அலமாரியைச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும், குழந்தை பிடித்து ஏறினாலும் சாயாமல் இருக்க அதையே சுவரோடு இறுக்கவும் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். போதாக்குறைக்கு இங்குள்ள பழைய வீடுகள் பலவும் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியவை. கல்லுக்கு நடுவில் உள்ள பூச்சில் ட்ரில் போட்டால் பிளக் பிடிக்காது, உதிர்ந்து கையோடு வரும்.

வழி இருக்கிறது. 5 செ.மீ. தடிமனுள்ள நீளமான ரீப்பர் (மரச் சட்டம்) ஒன்று வாங்கி, அலமாரியின் மேல்விளிம்பு வரும் உயரத்தில் சுவரில் படுக்கைவாட்டில் பொருத்துங்கள். கல் எங்கே என்று சுத்தியலால் தட்டினால் சத்தத்திலேயே தெரியும். 'டொக்' என்று மொட்டையாகக் கேட்டால் பூச்சு, 'டங்' என்று கேட்டால் கல். கல்லில் மட்டும் நாலைந்து இடத்தில் துளை போட்டு ஸ்க்ரூ இறக்குங்கள். பிறகு அலமாரியை அந்த ரீப்பரோடு எல் ஆங்கிள் வைத்து முடுக்குங்கள். இப்போது அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே மூன்று விரல்கடை இடைவெளி தானாகவே கிடைத்துவிடும், பிடிமானமும் இருக்கும். மேல்பலகையைச் சுவர்வரை நீட்டி, காற்றுப் போக அதில் நாலு துளை போடச் சொல்லுங்கள். பலகையை நீட்டாவிட்டால் பென்சிலும் மணியும் பின்னால் விழுந்துகொண்டே இருக்கும், எடுக்கப் பிள்ளைகள் ஏறுவார்கள். எல்லாம் முடிந்ததும் மேல்பலகையைப் பிடித்து உங்கள் பலம் முழுவதையும் போட்டு முன்னால் இழுத்துப் பாருங்கள். துளி அசைந்தாலும் ஆசாரியைத் திரும்பக் கூப்பிடுங்கள்.

உயரம் 70 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. மூன்று வயதுக் குழந்தையின் சராசரி உயரமே 95 செ.மீ. வாக்கில்தான். மேல்தட்டு அவள் கைக்கு எட்ட வேண்டும், அவள் தலைக்கு மேல் நீங்கள் எட்டிப் பார்க்கவும் முடிய வேண்டும். முதுகில் பலகை வேண்டாம், ரீப்பர் அடித்தால் போதும், காற்று ஓடும். தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி வையுங்கள், துடைப்பம் உள்ளே போகட்டும்.

மரம்? கீழ்ப் பழனி மலையின் காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் கிடைத்தால் நல்லது. ஆனால் காய்ந்த மரமா என்று கேளுங்கள். பச்சை மரம் மாதக் கணக்கில் முறுக்கிக்கொண்டே இருக்கும். பிளைவுட்தான் என்றால் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மரைன் பிளை வாங்குங்கள். ஐ.எஸ். 303 என்பது சாதாரண ரகம், இந்த ஈரத்துக்குத் தாங்காது. காசு இல்லையா? பேரிக்காய்ப் பெட்டிகளை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, ஆணி முனைகளை மடக்கி அடுக்குங்கள். அதையும் ரீப்பரோடு கட்டாயம் முடுக்க வேண்டும்.

நீளமாக நேர்கோட்டு வழி விடாதீர்கள். நேர்வழி கண்டால் பிள்ளைகள் ஓடத்தான் செய்வார்கள். ஒரு சின்ன அலமாரியைக் குறுக்கே போட்டால் ஓட்டம் நின்றுவிடும். தனியாக நிற்கும் அலமாரி கனமாகவும் அகலமாகவும் முழங்கால் உயரத்தோடும் இருக்கட்டும்.

நாற்காலிக்குக் கடைக்காரர் சொல்லும் வயதுக் கணக்கை நம்ப வேண்டாம். நோட்டுப் புத்தகங்களை அடுக்கி அதன் மேல் குழந்தையை உட்கார வையுங்கள். பாதம் முழுதாகத் தரையில் பதிந்து முழங்கால் நேராக மடங்கும்போது அடுக்கை அளந்தால் அதுதான் நாற்காலியின் உயரம். மூன்று நாலு வயதுக்குப் பொதுவாக 25 முதல் 28 செ.மீ. வரும். மேசை அதைவிட 20 செ.மீ. உயரம்.

தட்டுகளில் என்ன வைப்பது

குறைவாக வையுங்கள். ஒரு தட்டில் ஒரு வேலை, அவ்வளவுதான். தட்டு எவர்சில்வரில்தான் வேண்டும் என்பது என் பிடிவாதம். மூங்கிலும் பிரம்பும் பார்க்க அழகு, ஐப்பசியில் அழுக்கு. ஊற்றிப் பழக இரண்டு டம்ளர், துடைக்க ஒரு துணி. பைன் காய்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்குவது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய காரட்டைப் பிரஷ் வைத்துக் கழுவுவது. இதற்கெல்லாம் பெரிய காசு ஆகாது.

மழலையர் கல்விக்கென்றே ஒரு முறையை உருவாக்கிய இத்தாலியப் பெண்மணி மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார்; போர்க்காலத்தில் 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில்தான் இருந்தார். இங்குள்ள செடி கொடிகளையும் உயிர்களையும் வைத்துக் குழந்தைகளோடு வேலை செய்தார். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து மாண்டிசோரி பெட்டிச் சாமான் ஆர்டர் செய்வது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

ஆனால் அளவு பாருங்கள். டாய்லெட் பேப்பர் சுருளின் நடுக்குழாய்க்குள் நுழைந்து விழும் எதுவும் மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் கைக்குப் போகக்கூடாது. தைலமரக் காய், பட்டாணி இரண்டும் அந்தக் கணக்கில்தான் வரும். பட்டாணி மூக்கில் போனால் ஈரத்தில் ஊறிப் பெருத்துவிடும்.

படங்களை ஒட்டாதீர்கள், தொங்கவிடுங்கள். ஒரு கயிறு, மரத் துணிக்கிளிப், முடிந்தது வேலை. லேமினேட் செய்தால் காகிதத்தைச் சுற்றி அரை விரல்கடை ஓரம் விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் ஈரம் உள்ளே போய்விடும்.

பிறகு சேர்த்தது

மக்கிய வாடைக்கு அலமாரியில் அந்துருண்டை போடலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். பார்க்க மிட்டாய் மாதிரியே இருக்கும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும், அவர்களுக்கு நாப்தலீன் ரத்த அணுக்களையே உடைத்துவிடும். பூசணம் வந்தால் சோப்புத் தண்ணீரில் துடைத்து வெயிலில் காய வையுங்கள். சுவருக்கு ப்ளீச்சிங் பவுடர் கரைசல் போடலாம், பிள்ளைகள் இல்லாத சனிக்கிழமையில், ஜன்னலைத் திறந்து வைத்து. பாத்ரூம் கழுவும் ஆசிட்டோடு மட்டும் அதைச் சேர்த்துவிடாதீர்கள், விஷ வாயு வரும்.

இன்னொருவர் தகரக் கூரையைப் பற்றிக் கேட்டார். மழை கொட்டும்போது கதை சொல்வது அங்கே நடக்காது, கத்தினாலும் கேட்காது. அந்த நேரத்துக்கென்றே களிமண், துணி மடிப்பது, படப் புத்தகம் என்று பேச்சுத் தேவைப்படாத தட்டுகளைத் தனியாக எடுத்து வையுங்கள். கதையை மழை விட்டபின் சொல்லிக்கொள்ளலாம்.

குரங்குத் தொல்லைக்கு ஜன்னலில் கம்பி வலை அடிப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. டிபன் பைகளை மட்டும் கதவு உள்ள அலமாரியில் வைத்துத் தாழ்ப்பாள் போடுங்கள்.