நீல ஒயரைத் தொங்கவிடாதீர்கள்: பிக்கப் ரேடியோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி பிக்கப்பைக் கடை வாசலில் நிறுத்தி, இறங்காமலே கேட்டார்: "அண்ணே, நம்ம ஊர்ல ரேடியோ லைன் வீக்குதானே?" டேஷ்போர்டில் புத்தம் புது அண்ட்ராய்டு பிளேயர். கிள்ளானில் மாட்டியதாம். அங்கே கணீரென்று பாடிய ரேடியோ நம் ஊர் பெஸ்தாரி ஜெயாவுக்குள் நுழைந்ததும் கொரகொர என்று இரைய ஆரம்பித்துவிட்டது. மாட்டியவரிடம் போன் போட்டால், "எஸ்டேட் ஏரியால அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்ததாம்.

அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் பல வருடங்களுக்கு முன் நானே ஒருவரிடம் அதே பதிலைச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளும், வீட்டிலேயே யூடியூப் பார்த்து பிளேயர் மாற்றுகிறவர்களும் நான் விழுந்த அதே குழியில்தான் விழுகிறார்கள். ஏரியல் பிளக்கைச் செருக மறப்பது, பியூஸ் பார்க்காமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அதையெல்லாம் ஒருமுறை செய்தால் தானே புத்தி வரும்.

"டிஜிட்டல்" என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வாங்குவது

திரையில் 96.3 என்று எண் தெரிவதால் அது டிஜிட்டல் ரேடியோ ஆகிவிடாது. எண்ணைக் காட்டுவதும் அலைவரிசையைப் பூட்டிப் பிடிப்பதும் செட்டுக்குள் நடக்கும் டிஜிட்டல் வேலை. வானத்தில் வருவது பழைய எஃப்.எம். அலைதான். மின்னல் 96.3, ராகா 99.3 என்ற தமிழ் நிலையங்கள் இரண்டையும் நாம் இந்தப் பக்கம் கேட்பது அப்படித்தான்.

டிஜிட்டல் ஒலிபரப்பு என்பது வேறு சாமான். ஐரோப்பாவில் ஓடும் டி.ஏ.பி. முறை 174 முதல் 240 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் வருவது. அதற்கு வேறு டியூனரும் வேறு ஏரியலும் வேண்டும். எச்.டி. ரேடியோ என்று எழுதியிருந்தால் அது வட அமெரிக்க முறை. இரண்டு பெயரையும் பார்த்து 200, 300 வெள்ளி கூடுதலாகக் கொடுத்தவர்கள் என் கடைக்கு வந்திருக்கிறார்கள். அந்த வசதிகளால் நம் செம்பனைக் காட்டில் ஒரு பாட்டு கூடத் தெளிவாகக் கேட்காது.

நமக்கு உண்மையில் பயன்படுவது ஆர்.டி.எஸ். எஃப்.எம். அலையோடு ஒட்டிக்கொண்டு, 57 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில் வரும் சிறு தகவல் அது. நிலையத்தின் பெயர் எட்டு எழுத்துக்குள் வரும், பாட்டுப் பெயர் போன்றவை 64 எழுத்துவரை வரும். ரோமன் எழுத்தில்தான் வரும். "தமிழ் எழுத்து வரலியே, செட்டு கெட்டுப்போச்சா" என்று ஒரு பாட்டி கேட்டார். இல்லை பாட்டி, கெடவில்லை.

அதிலேயே ஏ.எஃப். என்று ஒரு வசதி உண்டு. நெடுஞ்சாலையில் போகும்போது அதே நிலையத்தின் வேறு அலைவரிசை பலமாக இருந்தால், நிலையம் அந்தப் பட்டியலை அனுப்பியிருந்தால், செட் தானே தாவும். ஈப்போவுக்கோ ஜொகூருக்கோ போகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும். தோட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறவர்கள் அணைத்து வைக்க வேண்டும். மேட்டிலும் பள்ளத்திலும் சிக்னல் ஏறி இறங்கும்போது செட் வேறு அலைவரிசையைத் தேடிப் போய்ப் பாட்டை நடுவில் வெட்டிவிடும்.

வட்டார செட்டிங்

"யு.எஸ்.ஏ." என்று இருந்தால் மாற்றுங்கள். அமெரிக்கக் கணக்கில் புள்ளிக்குப் பின் ஒற்றைப்படை எண்கள் மட்டுமே கிடைக்கும், இரட்டைப்படை நிலையங்களைத் தாண்டிப் போய்விடும்.

ஜப்பான் ரேடியோவை மலிவென்று வாங்குவது

பழைய வண்டிகளை வெட்டிச் சாமான் விற்கும் பொத்தோங் கடையில் நல்ல ஜப்பான் செட் 100 வெள்ளிக்குக் கிடைக்கும். ஒலி அருமையாக இருக்கும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஜப்பானில் எஃப்.எம். 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும், பழைய செட்டுகள் 90உடன் முடிந்துவிடும். நம் நாட்டில் 87.5 முதல் 108 வரை. 96.3 அந்தச் செட்டுக்கு எட்டவே எட்டாது.

அதற்காக எக்ஸ்பேண்டர் என்று ஒரு சின்னப் பெட்டியை ஏரியலுக்கும் செட்டுக்கும் நடுவில் போடுவார்கள். அது அலைவரிசையைக் கீழே இறக்கிக் கொடுக்கும். 12 இறக்குகிற பெட்டி என்றால் மின்னல் 84.3இல் வரும், ராகா 87.3இல் வரும், 102க்கு மேல் உள்ளது எதுவும் வராது. மேலே உள்ள நிலையம் வேண்டுமென்று 20 இறக்குகிற பெட்டியைப் போட்டால் 96க்குக் கீழே உள்ளவை போய்விடும். வாங்கும் முன் உங்களுக்கு எந்த நிலையங்கள் வேண்டுமென்று கேட்டுச் சொல்லாத கடையில் வாங்காதீர்கள்.

நீல ஒயர்

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

பழைய பிக்கப்புகளில் முன் தூணிலோ பானெட் ஓரத்திலோ நீளக் கம்பி ஏரியல் இருக்கும். எஃப்.எம். அலை ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளம். அதில் நாலில் ஒரு பங்கு, சுமார் 75 சென்டிமீட்டர், கம்பிக்கு நல்ல அளவு. அந்த அளவுக் கம்பி சிக்னலைத் தானே போதுமான அளவு பிடித்துவிடும், கரண்ட் எதுவும் கேட்காது.

இப்போது வரும் வண்டிகளில் கூரை மேல் குட்டைக் கம்பி, அல்லது சுறாவின் முதுகு போல ஒரு துண்டு. இவ்வளவு சின்னது பிடிக்கும் சிக்னல் மிகக் கொஞ்சம். அதனால் அதன் அடியிலேயே ஒரு சிறு ஆம்ப்ளிஃபயரை வைத்திருப்பார்கள். அதற்கு 12 வோல்ட் வேண்டும். கம்பெனி ரேடியோ அந்த 12 வோல்ட்டைத் தானே அனுப்பும். நீங்கள் கம்பெனி ரேடியோவைக் கழற்றிப் புதியதை மாட்டும்போது அந்த வேலையைப் புதியது செய்ய வேண்டும். அதற்காகத்தான் பின்னால் ஒரு நீல ஒயர் இருக்கிறது.

அந்த ஒயரை டேப் சுற்றி ஓரமாக மடக்கி வைத்துவிடுகிறார்கள். மஞ்சள் பேட்டரிக்கு, சிவப்பு சாவிக்கு, கறுப்பு எர்த்துக்கு, ஸ்பீக்கர் ஒயர்கள் ஸ்பீக்கருக்கு. செட் எரிகிறது, பாட்டு வருகிறது, வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

கரண்ட் போகாத ஆம்ப்ளிஃபயர் வெறும் தடுப்புச் சுவராக நிற்கும், வருகிற சிக்னலையும் தின்றுவிடும். ஆனாலும் கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ கடை வாசலில் சோதித்தால் சிக்னலின் பலத்தில் எப்படியோ பாடிவிடும். வண்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மை தெரியும். அதனால்தான் இந்தத் தவறு சாகாமல் இருக்கிறது: செய்தவர் கண்ணில் அது படுவதே இல்லை.

நான் செய்ததைச் சொல்கிறேன். பழக் குத்தகை எடுத்து லோரி விடும் ஒரு பெரியவர், தென்னமரம் எஸ்டேட் பக்கம் வேலை. 1917இல் இந்த நாட்டிலேயே வாணிப முறையில் முதன்முதலாகச் செம்பனை நட்ட தோட்டம் அது. விடியற்காலை ஐந்தரைக்கு ஆட்களை ஏற்றப் போகும்போது அவருக்கு ரேடியோ வேண்டும். கூட வேறு பேச்சுத் துணை கிடையாது. அவருடைய புது பிக்கப்பில் நான்தான் பிளேயர் மாற்றினேன். இரண்டு நாளில் திரும்பி வந்தார். "தம்பி, மின்னல் இரையுது." நான் ஏரியல் பிளக்கை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, "தோட்டத்துக்குள்ள லைன் வீக்கு ஐயா" என்றேன். அவர் என்னை நம்பினார்.

எட்டு மாதம் நம்பினார். அதற்குள் வேறொரு கடையில் சிக்னலைப் பெரிதாக்கும் பூஸ்டர் வாங்கினார். பிறகு கூரை ஏரியலையே மாற்றினார், அதற்காக உள்கூரைத் துணியை இறக்கி, திரும்ப ஏற்றியதில் மடிப்பு விழுந்துவிட்டது. எல்லாம் சேர்ந்து 400 வெள்ளிக்கு மேல். இரைச்சல் அப்படியே இருந்தது. கடைசியில் காலையில் ரேடியோ போடுவதையே விட்டுவிட்டார்.

எனக்கு விஷயம் புரிந்தது வேறொரு வண்டியில். கம்பெனி பிளக்கில் ஒரு பின்னை மீட்டரில் தொட்டபோது, ரேடியோ போட்டால் மட்டும் 12 வோல்ட் காட்டியது. இது எங்கே போகிறது என்று ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன், கூரைக்குப் போனது. அன்று சாயந்திரமே பெரியவர் வீட்டுக்குப் போய் டேஷ்போர்டைக் கழற்றினேன். நான் சுற்றிய கறுப்பு டேப் அப்படியே இருந்தது. பிரித்து, இணைத்து, 96.3 போட்டேன். இரைச்சல் ஒரு நொடியில் அறுந்தது. பெரியவர் என்னைத் திட்டவில்லை. "இவ்வளவுதானா தம்பி" என்று மட்டும் கேட்டார். இன்றும் யாராவது "லைன் வீக்கு" என்று சொன்னால் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கிள்ளான் பள்ளத்தாக்குக்கு எஃப்.எம். அனுப்பும் கோபுரங்கள் கெந்திங் பக்கம் கூனோங் உலு காளியில் இருக்கின்றன. 1,772 மீட்டர் உயரம். நம் ஊரிலிருந்து நேர்கோட்டில் சுமார் 40 கிலோமீட்டர். நம் பக்கம் தட்டை நிலம். எஃப்.எம். அலை கிட்டத்தட்ட கண் பார்வை போல நேராகப் போவது. அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கும் கோபுரத்துக்கு நம் ஊர் மறைந்த ஊர் அல்ல. நம் ஊர்ப் பெயர் பத்தாங் பெர்ஜுந்தை என்றிருந்த காலத்திலேயே இங்கே வீட்டுக்கு வீடு ரேடியோ பாடியது. இன்று புது பிக்கப்பில் பாடவில்லை என்றால் முதலில் வண்டியைச் சந்தேகப்படுங்கள்.

மீட்டர் இல்லாமலே சோதிக்க ஒரு வழி உண்டு. இரையும் நிலையத்தைப் போட்டுவிட்டு, செட்டின் பின்னாலிருந்து ஏரியல் பிளக்கை உருவுங்கள். உருவினாலும் செருகினாலும் இரைச்சலில் பெரிய மாற்றம் இல்லையென்றால், கூரையிலிருந்து எதுவும் வந்து சேரவில்லை. மீட்டர் இருந்தால், எஃப்.எம்.மை ஓடவிட்டு நீல ஒயருக்கும் வண்டியின் இரும்புப் பாடிக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள், பேட்டரி அளவு வோல்ட் காட்ட வேண்டும். அது வண்டிப் பக்கத்து ஏரியல் பின்னுக்குப் போய்ச் சேருகிறதா என்றும் பாருங்கள்.

இணைக்கும்போதும் நாலு இடத்தில் தவறுவார்கள். மலிவு செட்டுகளில் நிறத்தை நம்பாதீர்கள், ஒயரில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். நீலம் ஏரியலுக்கு, நீலத்தில் வெள்ளைக்கோடு போட்டது சப்வூஃபர் ஆம்ப்ளிஃபயருக்கு. மாற்றிக் கொடுத்தால், சில செட்டுகளில் ரேடியோவிலிருந்து புளூடூத்துக்கு மாறியதும் சப்வூஃபர் செத்துவிடும். இரண்டாவது, அவசரத்துக்கு ஏரியல் கரண்டை மஞ்சள் ஒயரில் கொடுக்காதீர்கள். சாவி எடுத்த பிறகும் ஓடிக்கொண்டே இருந்து பேட்டரியைக் குடிக்கும். மூன்றாவது, சில வண்டிகளில் ஏரியலுக்குத் தனி ஒயரே இருக்காது, ஏரியல் கேபிளின் நடுக்கம்பி வழியாகவே கரண்ட் மேலே போகும். அவற்றுக்கு நீல ஒயரோடு கூடிய அடாப்டர் ஒன்று விற்கிறார்கள், அதைப் போட வேண்டும். நான்காவது, பழைய நீளக் கம்பி வண்டிக்கு அந்த அடாப்டரைப் போடாதீர்கள். சில கம்பிகள் அடியில் நேரே எர்த்தோடு சேர்ந்திருக்கும், கரண்ட் கொடுத்தால் ஷார்ட்.

பூஸ்டர்

வேண்டாம். இரைச்சலையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும்.

அழகுக்காகக் கம்பியைக் குட்டையாக்குவது

ஓலை தட்டுகிறது என்று 75 சென்டிமீட்டர் கம்பியைக் கழற்றிவிட்டு விரல் நீளத்துக்கு ஒன்றைத் திருகுகிறார்கள். அடியில் ஆம்ப்ளிஃபயர் இல்லாத வண்டியில் அது வெறும் அலங்காரம். செம்பனை வரிசைக்குள் போகும்போது கம்பியைக் கழற்றி உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், சாலைக்கு வந்ததும் திருகுங்கள். வளையும் ஸ்பிரிங் அடி வைத்த கம்பியும் கிடைக்கிறது.

ஏரியல் அடியில் துரு

உரமூட்டை ஏற்றும் வண்டிகளுக்கு இது முக்கியம். பொட்டாசியம் குளோரைடு உரம் உப்புதான். தூசியாகப் பறந்து, மழை ஈரத்தோடு சேர்ந்து இரும்பை அரிக்கும். ஏரியல் அடி பாடியோடு சேரும் இடம் துருப்பிடித்தால் எர்த் போய்விடும், நல்ல கம்பியும் பாதிதான் பிடிக்கும். வருடத்துக்கு ஒருமுறை கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள்.

டேஷ்கேமும் மலிவு சார்ஜரும்

எல்லாம் சரியாக இருந்தும் இரைகிறதா? சிகரெட் சாக்கெட்டில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவியதும் இரைச்சல் நிற்கிறதோ அதுதான் திருடன். வேறொன்று வாங்குங்கள், அல்லது அதன் ஒயரை ஏரியல் கேபிளிலிருந்து தள்ளி இழுங்கள்.

ஸ்டீரியோவிலேயே பிடிவாதமாக இருப்பது

மோனோவில் போட்டால் இரைச்சல் வெகுவாகக் குறையும். கோபுரத்தை மேடு மறைக்கும் இடங்களுக்குப் போகும்போது போடுங்கள். லோக்கல் என்ற பொத்தான் எரிந்தால் அதையும் அணையுங்கள், தேடும்போது பலமான நிலையத்தில் மட்டுமே நிற்கும்.

அந்தத் தம்பியின் வண்டிக்கு வருகிறேன். பிளேயரை வெளியே இழுத்ததும் நீல ஒயர் நுனி சீவாமல், தொழிற்சாலையில் வந்தபடியே மடங்கிக் கிடந்தது. சீவி, இணைத்து, சாலிடர் வைத்து, சுருங்கும் குழாய் போட்டு மூடினேன். பத்து நிமிடம். ராகா தெளிவாக வந்தது. மாட்டிய கடையின் நம்பரை வாங்கிப் பேசினேன். எடுத்த பையனுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். அடுத்த முறை நம் ஊர்ப்பக்கம் வந்தால் கடைக்கு வா, கம்பெனி பிளக்கில் அந்தப் பின் எங்கே இருக்கிறதென்று மீட்டர் வைத்துக் காட்டுகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான்.