கம்பஸ் முடியும் முன் ரெயினிங்: எங்கே தவறுகிறோம்?

எங்கள் ஒபிசுக்கு ஒரு கடையின் வருடக் கணக்கு சொப்பிங் பையில்தான் வரும். கடைக்காரர் அதை மேசையில் கவிழ்த்தால் பில்லுகள், வவுச்சர்கள், செக் புத்தக அடித்துண்டுகள், எழுத்து மங்கி வெள்ளையாகிப் போன ரசீதுகள் எல்லாம் விழும். யாழ்ப்பாணம் நகரில் நான் வேலை செய்யும் கணக்காய்வு அலுவலகத்துக்குக் கம்பஸிலிருந்து ஆறு மாத ரெயினிங் வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே அப்படி ஒரு பையைத்தான் கொடுப்போம். பெரும்பாலும் திகைத்துப் போவார்கள். வங்கிக் கணக்கிணக்கக் கூற்றை, அதாவது வங்கியின் பதிவையும் கடையின் பதிவையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கணக்கை, உயர்தரத்திலேயே பிழையில்லாமல் செய்த பிள்ளைகள்தான். ஆனால் பரீட்சையில் தரவெல்லாம் வினாத்தாளிலேயே அச்சடித்திருக்கும். இங்கே தரவைத் தேடி எடுப்பதே பாதி வேலை.

வருடக்கணக்காக இப்படி வரும் பிள்ளைகளோடு பக்கத்து மேசையில் இருந்து வேலை செய்கிறேன். கெட்டித்தனம் போதாமல் ஆறு மாதத்தை வீணாக்கிய பிள்ளையை நான் கண்டதில்லை. வீணானதெல்லாம் வேறு காரணங்களால். அதே காரணங்கள் அடுத்த வருடமும் வேறு முகத்தோடு வந்து நிற்பதைப் பார்க்க மனம் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தவறு பிள்ளை ஒபிசுக்குள் கால் வைக்க முன்னமே தொடங்கிவிடும். வீட்டுக்குக் கிட்ட இடம் வேண்டும், சைக்கிளில் போய் வரவேண்டும், மாமாவுக்குத் தெரிந்தவர் இருக்கிறார், வராவிட்டாலும் கையெழுத்துப் போட்டுத் தருவார். இப்படி எடுத்த இடத்தில் கடிதம் கிடைக்கும், புள்ளியும் கிடைக்கும். அப்புறம் முதல் வேலைக்கான நேர்முகத்தில் “ரெயினிங்கில என்ன செய்தனீங்கள்?” என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது. அந்த மௌனத்தை நான் மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

கொழும்புக்குப் போனால்தான் ரெயினிங் என்பதும் சரியல்ல. வெள்ளவத்தையில் அறை வாடகை, சாப்பாடு, பஸ் காசு எல்லாம் சேர்ந்தால் அவர்கள் தரும் கொடுப்பனவை விழுங்கிவிடும். பெரிய நிறுவனத்தில் ஆறு மாதமும் ஒரே மேசையில் ஒரே வேலையோடு இருந்து திரும்பிய பிள்ளைகளும் உண்டு. சின்ன ஒபிசில் பை வருவதிலிருந்து கடைசிக் கையொப்பம் வரை முழுவதையும் காணலாம். ஆனால் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லமாட்டேன். இயந்திரம் எங்கே ஓடுகிறதோ அங்கேதான் அவர் போகவேண்டும், அது கொழும்பானாலும் சரி. அப்படிப் போகிறவர்கள் சிங்களத்தில் நாலு வசனமாவது பழகிக்கொண்டு போங்கள். வேலைத்தளத்தில் மேசனும் வெல்டரும் ஆங்கிலத்தில் கதைக்கமாட்டார்கள், அவர்களிடம்தான் கற்பதற்கு நிறைய இருக்கிறது.

இடத்தைப் போலவே காலமும் முக்கியம், அதை ஒருவரும் யோசிப்பதில்லை. எங்கள் துறையில் வரி ஆண்டு மார்ச் 31 இல் முடிகிறது, வருமான வரி விபரத்திரட்டை நவம்பர் 30 க்குள் கொடுக்கவேண்டும். ஒக்ரோபரில் வந்து சேரும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க இங்கே ஒருவருக்கும் நேரம் இருக்காது. மே, ஜூனில் வந்தவர் நவம்பர் நெருக்கடியில் எங்களுக்கே கைகொடுப்பார். உங்கள் துறையில் எது ஓய்ந்த காலம், எது முறிகிற காலம் என்று முன்னமே விசாரியுங்கள். திகதியைக் கம்பஸ்தான் தீர்மானிக்கும் என்றாலும், நெருக்கடி எப்போது வரும் என்று தெரிந்துகொண்டு வருவது நல்லது.

சரி, உள்ளே வந்தாயிற்று. இங்கேதான் எனக்குப் பெரிதாகப் படும் தவறு இருக்கிறது. படித்தது வேறு, வேலை வேறு என்று பிள்ளைகள் இரண்டையும் தனித்தனியாகக் கட்டி வைத்துவிடுகிறார்கள். “அக்கா, கம்பஸில படிச்சது ஒண்டும் இஞ்ச உதவாது போல” என்று முதல் கிழமையிலேயே சொல்வார்கள். உதவும். ஆனால் அது தானாக வந்து ஒட்டாது, நாங்கள்தான் கொண்டுவந்து பொருத்தவேண்டும்.

இதை நூறு வருடத்துக்கு முன்னமே ஒருவர் யோசித்திருக்கிறார். அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹேர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் பேராசிரியர் 1906 இல் 27 மாணவர்களோடு ஒரு திட்டத்தைத் தொடங்கினார். ஒரு கிழமை வகுப்பு, அடுத்த கிழமை தொழிற்சாலை, திரும்ப வகுப்பு. தொழிலில் சில விஷயங்களை வேலைத்தளத்தில் மட்டும்தான் கற்கலாம் என்பது அவருடைய எண்ணம். கோ-ஒப் என்று சொல்லும் கல்விமுறை அப்படித்தான் பிறந்தது. கனடாவில் சொந்தக்காரர் உள்ள வீடுகளில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் பெயர் தெரிந்திருக்கும். 1957 இல் அது தொடங்கியதே இந்த முறையோடுதான். இன்றைக்கும் அங்கே நாலு மாதம் படிப்பு, நாலு மாதம் வேலை என்று மாறி மாறி வரும்.

அந்த மாறி மாறி வருவதில்தான் விஷயம் இருக்கிறது. வேலைத்தளத்தில் முட்டிய கேள்வியோடு பிள்ளை திரும்பி வகுப்புக்கு வருகிறது. எங்களிடம் பெரும்பாலும் படிப்பின் கடைசிப் பகுதியில் ஒரே ஒரு தரம்தான் ரெயினிங். திரும்பிப் போக வகுப்பு மிச்சமிருக்காது, அல்லது கொஞ்சம்தான் இருக்கும். அதனால் அந்தப் போய் வருதலைப் பிள்ளையே செய்யவேண்டியிருக்கிறது. பகலில் கண்டதை இரவில் பழைய நோட்ஸில் தேடுங்கள். விளங்காவிட்டால் விரிவுரையாளருக்கு ஒரு ஈமெயில் போடுங்கள். எங்களிடம் இருந்த ஒரு பிள்ளை, தேய்மானத்தை ஏன் வரிக்கு ஒரு விதமாகவும் கணக்குக்கு வேறு விதமாகவும் பார்க்கிறோம் என்று தன் சேருக்கு எழுதிக் கேட்டது. அவர் இரண்டு பக்கத்தில் பதில் எழுதினார். அந்தப் பதிலை நாங்களும் ஒபிசில் வாசித்தோம்.

அடுத்தது ரெயினிங் டயரி. இதில் நடப்பதைப் போல வேறெதிலும் நடப்பதில்லை. நாளாந்தம் எழுதவேண்டிய டயரியை ஆறு மாதமும் தொடாமல் வைத்திருந்துவிட்டு, கடைசிக் கிழமையில் ஒரே பேனையால் ஒரே மையில் எழுதித் தள்ளுவார்கள். வைவா என்ற வாய்மொழிப் பரீட்சையில் ஒரு விரிவுரையாளர் பக்கத்தைப் புரட்டிவிட்டு ஆறுதலாகக் கேட்டாராம்: “பிள்ளை, இந்தத் திகதியில முழுநாளும் வங்கியில நிண்டதாய் எழுதியிருக்கிறீர். அண்டைக்கு வெசாக் போயாவெல்லோ, வங்கி பூட்டெல்லோ?” அந்தப் பிள்ளை எங்களிடம் வந்து சொல்லி அழுதது. வேலை உண்மையில் செய்த பிள்ளை. ஆனால் ஒரு பொய்த் திகதி மற்ற எல்லாத் திகதியையும் சந்தேகத்துக்கு உரியதாக்கிவிட்டது.

நாளாந்தம் எழுதினாலும் எப்படி எழுதுகிறோம் என்பது இருக்கிறது. “இன்று வவுச்சர்கள் சரிபார்த்தேன்” என்று நாற்பது நாள் எழுதுவதில் பயனில்லை. இதைப் பாருங்கள்: “மார்ச் மாத வவுச்சர் 140. ஆறில் கையொப்பம் இல்லை. ஆறும் ஒரே கிழமை. கடைக்காரரிடம் கேட்டேன், அந்தக் கிழமை அவர் ஆஸ்பத்திரியில், மகன் கடை பார்த்திருக்கிறார். அக்கா சொன்னா, காரணம் சரி, ஆனாலும் கோவையில் குறிப்பெழுதி வைக்கவேண்டும் என்று.” ஐந்து வரிதான். இதை எழுதிய பிள்ளைக்கு அகக்கட்டுப்பாடு, அதாவது பிழையும் மோசடியும் நடக்காமல் ஒரு நிறுவனம் தனக்குள்ளேயே வைத்திருக்கும் சரிபார்ப்பு, என்ற பாடம் இனி மறக்காது. நேர்முகத்தில் சொல்லவும் ஒரு கதை இருக்கிறது.

கேட்காமல் இருப்பது இன்னொன்று. இதில் பிள்ளைகளை முழுதாகக் குற்றம் சொல்லமாட்டேன். பெரியவர்களைத் திருப்பிக் கேட்கக்கூடாது என்று வளர்த்தவர்கள் நாங்கள். நான் ரெயினிங் எடுத்த இடத்தில் முதல் மூன்று மாதமும் போட்டோக்கொப்பி எடுத்தேன், கோவை அடுக்கினேன். ஒருவரும் வேறு வேலை தரவில்லை. நானும் கேட்கவில்லை, தந்தால் செய்வோம் என்று இருந்தேன். ஒரு நாள் கொப்பி எடுக்கும் மெஷின் இடையில் நின்றுவிட்டது. கையில் இருந்தது ஒரு கடன் விண்ணப்பக் கோவை. சும்மா நின்ற நேரத்தில் அதை வாசித்தேன். காணி உறுதி, வரைபடம், மதிப்பீட்டு அறிக்கை, பிணையாளிகளின் சம்பளச் சீட்டு, கடைசியில் “அனுமதிக்கலாம்” என்ற ஒரு வரி. ஒரு கடனை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பது முழுவதும் மூன்று மாதமாக என் கைக்குள்ளாலேயே போயிருக்கிறது. அடுத்த நாள் மதிப்பீட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். அதற்குப் பிறகுதான் எனக்கு மேசை கிடைத்தது. ஆகவே கொப்பி எடுக்கச் சொன்னால் எடுங்கள், அது தாழ்வில்லை. எடுப்பதை வாசியுங்கள். கேள்விகளை ஒரு துண்டில் எழுதிச் சேர்த்து, பின்னேரம் ஒபிஸ் ஆறுதலாக இருக்கும்போது ஒன்றாகக் கேளுங்கள்.

வாசிக்கச் சொல்லும் அதே வாயால் இதையும் சொல்லவேண்டும்: வாசித்தது வெளியே போகக்கூடாது. யாழ்ப்பாணத்தில் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் குறைவு. யாருக்கு வெளிநாட்டிலிருந்து எவ்வளவு வருகிறது, யாருடைய நகை அடகில் இருக்கிறது, எந்தக் கடை கடனில் ஓடுகிறது என்பதெல்லாம் உங்கள் மேசைக்கு வரும். அம்மாவிடம்கூடச் சொல்லாதீர்கள். ஒரு தம்பி ஒபிசில் எடுத்த செல்பியை வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டான். பின்னால் கணினித் திரையில் ஒரு வாடிக்கையாளரின் பெயர் வாசிக்கக்கூடியதாகத் தெரிந்தது. படத்தை உடனே அழித்தோம். எங்கள் சேர் அந்த வாடிக்கையாளருக்குத் தானே போன் எடுத்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். தம்பி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

லீவு விஷயம் சுருக்கமாக. நல்லூர்த் திருவிழா 25 நாள். தேருக்கும் தீர்த்தத்துக்கும் லீவு கேட்பதில் பிழையில்லை. முதல் நாள் இரவு வட்ஸ்அப்பில் கேட்பதுதான் பிழை. அம்மா ஒபிசுக்குப் போன் எடுத்துக் கேட்பது அதைவிடப் பிழை.

கம்பஸ் போகாத பிள்ளைகளையும் மறக்கக்கூடாது. கராஜிலும் வயரிங் வேலையிலும் மூன்று நாலு வருடம் பழகி, கையில் முழுத் தொழிலும் இருந்து, தாளில் ஒன்றுமே இல்லாத தம்பிமார் எத்தனையோ பேர். பழகத் தொடங்கும்போதே தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையில், அதாவது நைற்றாவில், பதிந்துகொள்ளலாம். ஏற்கனவே பழகியவர்களின் திறமையைச் சோதித்து என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் வழியும் அங்கே இருக்கிறது. என்.வி.கியூ.வில் ஏழு மட்டங்கள். ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும் நாள் வந்த பிறகு இதற்கு ஓடுவது பிந்திய வேலை.

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லவேண்டும். ரெயினிங் பிள்ளை வந்தால் சம்பளமில்லாத ஒரு கை கூடுகிறது என்று நினைக்கும் இடங்கள் இருக்கின்றன. முதல் நாளே யார் இந்தப் பிள்ளைக்குப் பொறுப்பு என்று ஒரு ஆளைச் சொல்லாவிட்டால் எல்லோரும் வேலை சொல்வார்கள், ஒருவரும் சொல்லிக் கொடுக்கமாட்டார்கள். பஸ் காசாவது கொடுக்காத இடம் பிள்ளையிடம் நேரம் தவறாமையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அப்படி ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டால் பொறுத்துக்கொண்டு ஆறு மாதத்தையும் முடிக்காதீர்கள். இரண்டாவது கிழமையிலேயே உங்கள் விரிவுரையாளருக்குச் சொல்லுங்கள், மாற்றுவதற்கு அப்போது காலம் இருக்கும்.

கடைசியாகக் கடிதம். “இவர் நேர்மையும் கடமையுணர்வும் மிக்கவர்” என்ற கடிதத்தால் வேலை தருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. முடிய இரண்டு கிழமை இருக்கும்போதே டயரியைத் திறந்து, செய்தவற்றை நாலு வரியில் எழுதிப் பொறுப்பானவரிடம் கொடுத்து, கடிதத்தில் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். போன முறை எங்களிடம் இருந்த தங்கச்சி எழுதித் தந்தது இப்படி: “மூன்று சில்லறைக் கடைகளின் வருடக் கணக்கை மூலப் பில்லிலிருந்து பரீட்சை மீதி வரை தயாரித்தார். இரண்டை மேற்பார்வையோடு, ஒன்றைத் தனியாக.” பரீட்சை மீதி என்பது எல்லாக் கணக்குகளின் மீதிகளையும் ஒன்றாக வைத்துச் சரிபார்க்கும் பட்டியல். சேர் வாசித்துவிட்டு ஒரு சொல்லும் மாற்றாமல் கையொப்பம் வைத்தார்.